அப்பா கையில் இருந்த வண்டு

கேள்வி:
அன்புள்ள டீச்சருக்கு, என் கணவர் தேயிலை ஸ்டோரில், அதாவது தொழிற்சாலையில், கொழுந்து அரைக்கும் பகுதியில் வேலை செய்தவர். 2019இல் இரண்டு சிறுநீரகங்களும் பழுதாகிவிட்டன என்றார்கள். ஐந்து வருடங்கள், வாரத்துக்கு இரண்டு நாள், விடிவதற்கு முன் பஸ் ஏறி நோர்வூட், ஹட்டன், நாவலப்பிட்டி வழியாகக் கண்டிக்குப் போவோம். டயலிசிஸ் முடிந்து தோட்டத்து லயத்து வீட்டுக்கு வந்து சேர இரவாகிவிடும். போன ஐப்பசியில் போய்விட்டார்.

கண்ணை மூடினால் வீங்கிய முகமும் கறுத்த உதடும்தான் வருகின்றன. நான் கல்யாணம் செய்த மனிதரின் முகம் வரவே மாட்டேன் என்கிறது. மூத்தவனுக்கு 14 வயது. அப்பா பேச்சை எடுத்தால் எழுந்து வெளியே போய்விடுகிறான். சின்னவளுக்கு 8 வயது. அவள் கண்டதெல்லாம் நோயாளி அப்பாவைத்தான். “அப்பா கையில் ஒரு வண்டு இருந்ததே, அது எங்கே போனது?” என்று கேட்கிறாள். பிள்ளைகள் முன்னால் அவரைப் பற்றிப் பேசாதே, சட்டைகளை யாருக்காவது கொடுத்துவிடு என்கிறார் மாமியார். அவருடைய சேமலாப நிதிப் பணத்துக்கும் இன்னும் எழுதவில்லை. எனக்கு ஒன்றும் ஓடவில்லை.
— ஒரு வாசகி, பொகவந்தலாவை

பதில்:
மகளே, உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். சின்னவளின் வண்டிலிருந்தே தொடங்குகிறேன்.

டயலிசிஸுக்காகக் கையில் ஒரு நாடியையும் நாளத்தையும் சேர்த்துத் தைத்துவிடுவார்கள். இரத்தம் அந்த இடத்தில் வேகமாகப் பாயும். விரலை வைத்தால் அதிரும், காதை வைத்தால் வண்டு முரலுவதுபோலக் கேட்கும். அந்தச் சத்தம் நின்றுபோனால் உடனே ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும், தினமும் தொட்டுப் பாருங்கள் என்று நோயாளிகளிடம் சொல்லி அனுப்புவார்கள். உங்கள் மகள் அதை விளையாட்டாகவே செய்து வந்திருக்கிறாள். அது அப்பாவின் இரத்தம் ஓடிய சத்தம் என்று அவளிடம் சொல்லுங்கள். எட்டு வயதுப் பிள்ளைக்கு அது விளங்கும். வண்டு பறந்துவிட்டது என்று மட்டும் கதை கட்டாதீர்கள்.

அவளுக்கு நல்ல அப்பாவைத் தெரியாது என்று நீங்கள் வருந்துகிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கையை நீட்டி, மகள் காதை வைத்துக் கேட்கட்டும் என்று அசையாமல் இருந்த மனிதர் நல்ல அப்பாதான். களைத்து வந்த நாளிலும் அந்தக் கையை அவர் இழுத்துக்கொள்ளவில்லை. அந்த நினைவு அவளுடைய சொத்து. அதன்மேல் உங்கள் கல்யாணப் படத்தை ஒட்டி மறைத்துவிடாதீர்கள்.

இனி உங்கள் கண்ணுக்கு வராத முகம். அதை நானும் அனுபவித்தவள். என் அப்பா தேயிலைச் செடிகளை வெட்டிவிடும் கவ்வாத்துக்காரர். பாரிசவாதம் வந்து ஏழு வருடங்கள் படுக்கையில் கிடந்தார். அவர் போய் ஒரு வருடம்வரை எனக்கு ஞாபகம் வந்ததெல்லாம் கோணிய வாயும், படுக்கையில் விரித்த றப்பர் சீட்டின் வாடையும்தான். அவரோடு வேலை செய்த பெரியவர் ஒருவர் ஒருநாள் என்னை மலைக்குக் கூட்டிக்கொண்டு போனார். நான்கைந்து வருடத்துக்கு ஒருமுறை வரும் கவ்வாத்து அப்போதுதான் அங்கே முடிந்திருந்தது. இலையெல்லாம் போய்ச் செடிகள் வெறும் கட்டைகளாக நின்றன. மூச்சுக்கென்று விட்டுவைத்த ஒன்றிரண்டு கிளைகளில் மட்டும் பச்சை இருந்தது. பெரியவர் ஒரு செடியருகில் குந்தி, அடிக்கட்டையில் படர்ந்த பாசியைப் பெருவிரலால் தேய்த்துக் காட்டினார். பழைய வெட்டுகள் முடிச்சு முடிச்சாகத் தெரிந்தன.

“இது உன் அப்பாவின் வெட்டு” என்றார்.

எப்படித் தெரியும் என்று கேட்டேன். “இது அவனுடைய நிரை. பன்னிரண்டு வருடம் நான் பக்கத்து நிரை. கிளை பிளக்காமல் ஒரே வீச்சில் சாய்த்து வெட்டுவான். வெட்டிவிட்டு இப்படித் தடவிப் பார்ப்பான்.” நானும் தடவிப் பார்த்தேன். வழுவழுவென்று இருந்தது. அன்றிரவுதான், ஏழு வருடம் படுத்திருந்த என் அப்பா, வாசலில் குந்தியிருந்து கவ்வாத்துக் கத்தி தீட்டுகிறவராக என் நினைவுக்கு வந்தார். நானாக எவ்வளவு முயன்றும் வராத முகம், இன்னொருவர் வாயால் வந்தது.

நீங்களும் ஸ்டோருக்குப் போங்கள். இரவு வேலையில் அவரோடு நின்றவர்கள் இன்னும் அங்கேதான் இருப்பார்கள். வாட்டிய கொழுந்தை அரைத்துப் பரப்பியபின், பச்சை வாடை போய்ப் பழ வாசனை வரும் நேரம் பார்த்து அடுப்புக்கு அனுப்பவேண்டும். பிந்தினால் சாயம் கெட்டுவிடும். அந்த இடத்தில் ஐந்து வருடத்துக்கு முன் நின்ற மனிதர் எப்படிச் சிரித்தார், யாரைத் திட்டினார், என்ன பாட்டு முணுமுணுத்தார் என்று கேளுங்கள். மூத்தவனையும் அழைத்துப் போங்கள். நோய் வந்தபோது அவனுக்கு ஒன்பது வயது. ஓடியாடிய அப்பாவையும் பார்த்திருக்கிறான், ஒடுங்கிய அப்பாவையும் பார்த்திருக்கிறான். வீட்டில் பேச்சு வந்தால் அவன் எழுந்து போவது அதனால்தான் என்று நினைக்கிறேன். அவனைப் பேசச் சொல்லாதீர்கள். ஒரு சீ.ஆர். கொப்பியைக் கையில் கொடுத்து, அந்த ஆட்கள் சொல்வதை எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். எழுதுகிறவன் கேட்டாக வேண்டும்.

அவருடைய சட்டையில் ஒன்றையாவது துவைக்காமல் வைத்திருக்கிறீர்களா? இருந்தால் கொடுக்காதீர்கள். மற்றவற்றை உங்களுக்கு மனம் வரும்போது கொடுக்கலாம், அவசரமில்லை.

பணத்தை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். சேமலாப நிதிக்கு அவர் சம்பளத்தில் 8 சதவீதம் பிடித்து, தோட்டம் 12 சதவீதம் சேர்த்துக் கட்டியிருக்க வேண்டும். அதற்காகத் தொழில் அலுவலகத்துக்குப் போங்கள். இதைத் தவிர, தோட்டம் கட்டும் 3 சதவீத ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி வேறு. அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். பலர் அதை மறந்துவிடுகிறார்கள். மரணச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், அவருடைய அடையாள அட்டை எல்லாவற்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நம் ஆட்களுக்கு ஒவ்வொரு கடதாசியில் ஒவ்வொரு பெயர், காரியம் அங்கேதான் நின்றுவிடும்.

கடைசியாக உங்கள் மாமியார். பேசாதே என்று அவர் சொல்வது பிள்ளைகளுக்காக மட்டுமாக இருக்காது. அவரும் பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவர். கோபித்துக்கொள்ளாமல், ஒரு மாலை சாயத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். எந்த மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தபோது பிரசவ வலி கண்டது, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் விட்டுப் போனால் உங்கள் கணவர் அழுவாரா, முதலில் என்ன சொல் சொன்னார் என்று கேளுங்கள். அதெல்லாம் இன்றைக்கு அவர் ஒருவருக்குத்தான் தெரியும். கொப்பியின் முதல் பக்கத்தை அவருக்காக வெறுமையாக விட்டுவைக்கச் சொல்லுங்கள்.