வாசகர் கேள்வி பதில்: விற்கப்பட்ட ரோபோ சிறுவன்

கேள்வி: நான்காம் ஆண்டில் படிக்கும் என் பேரன், ‘ஆஸ்ட்ரோ பாய்’ என்னும் பழைய கருப்பு வெள்ளைக் கார்ட்டூன் தொடரைத் தன் மாமாவின் கைப்பேசியில் பார்க்கிறான். தகப்பனே மகனைச் சர்க்கஸுக்கு விற்கும் இடத்தில் அழுதவன், அன்றிரவு, “நான் வளராமல் போனால் அப்பா என்ன செய்வார்?” என்று கேட்டான். இனியும் பார்க்க விடலாமா?
– தோட்டத்துப் பாட்டி, சுங்கை சிப்புட், மலேசியா

பதில்: தாராளமாக விடலாம், அம்மா. உங்கள் பேரன் பிடித்துக்கொண்டிருப்பது அந்தக் கதையின் ஆணிவேரை. விபத்தில் இறந்த தன் மகனின் சாயலில் டாக்டர் டென்மா உருவாக்கிய ரோபோ, எத்தனை நாள் ஆனாலும் ஓர் அங்குலம்கூட வளரவில்லை என்பதற்காகவே விற்கப்படுகிறது. ஜப்பானியச் சித்திரக் கதைக் கலைஞர் ஒசாமு டெசுகா 1952இல் சித்திரக் கதையாகத் தொடங்கி, 1963 ஜனவரி 1 முதல் 193 பகுதிகளாகத் தொலைக்காட்சிக்குக் கொண்டுவந்த இக்கதையில், அந்த அநியாயம் பூசி மெழுகப்படுவதே இல்லை.

ஒரு இலட்சம் குதிரைத்திறன் கொண்ட அச்சிறுவன், மற்றப் பிள்ளைகளோடு தொடக்கப் பள்ளிக்குச் சென்று வகுப்பில் அமர்கிறான். எத்தனை முறை மனிதர்களைக் காப்பாற்றினாலும் அவனைச் சந்தேகிப்பவர்கள் குறைவதில்லை. சாகசம் செய்தால் ஊர் ஏற்றுக்கொள்ளும் என்று எளிதாகச் சொல்லிவிடாததால்தான் இத்தொடரை நான் மதிக்கிறேன். மூலச் சித்திரக் கதையில் ரோபோக்களுக்கென ஒரு சட்டமே உண்டு: அனுமதியின்றி அவை அயல்நாடு செல்லக் கூடாது, தம்மைப் படைத்தவரைத் தந்தை என்றே அழைக்க வேண்டும். விற்றவரையும் அப்பா என்று அழைக்கச் சொல்லும் சட்டத்தை எழுதியவர்கள் மனிதர்கள்தாம் என்பதைக் கவனியுங்கள்.

பேரனிடம் பேராசிரியர் ஒச்சனோமிசுவைப் பற்றிப் பேசுங்கள். சர்க்கஸிலிருந்து மீட்டதோடு நில்லாமல், அவனுக்கென ஒரு தாய் தந்தையையும் உரான் என்னும் தங்கையையும் உருவாக்கிக் கொடுத்தவர் அவர். 1966 டிசம்பர் 31இல் ஒளிபரப்பான கடைசிப் பகுதியில் பூமியைக் காப்பதற்காக அவன் சூரியனை நோக்கிப் பறந்துவிடுகிறான். அதை மட்டும் பையன் தனியாகப் பார்க்க வேண்டாம். கேட்ட கேள்விக்கு அவன் தந்தையே நேரில் பதில் சொல்வது நல்லது.

கேள்வி: ஜப்பானில் ஒரு நகரம் இந்த ரோபோவுக்கு உண்மையாகவே குடியுரிமை கொடுத்ததாமே?
– குடியுரிமை இல்லாதோருக்கான சிவப்பு அடையாள அட்டையுடன் பால்மரம் வெட்டி ஓய்ந்தவர், அதே ஊர்

பதில்: குடியுரிமை அன்று, ஐயா, குடியிருப்பாளர் பதிவு. சைத்தாமா மாநிலத்தின் நீசா நகரம், டெசுகா நிறுவனத்தின் படப்பிடிப்புக் கூடம் அங்கே இருப்பதால், கதைப்படி அவன் பிறந்த நாளான 2003 ஏப்ரல் 7இல் அவனைச் சிறப்புக் குடியிருப்பாளனாகப் பதிந்துகொண்டது. முழுக்க விழாக்காலக் கௌரவம்தான். 1969இல் குடியுரிமை இல்லாததால் வேலை அனுமதிச் சீட்டுக்காக அலுவலகங்களின் வாசலில் நின்ற உங்கள் தலைமுறைக்கு அச்செய்தி சிரிப்பை வரவழைத்தால் நான் குறை சொல்ல மாட்டேன். அந்தச் சிறுவனுக்கு விண்ணப்பப் பாரமும் இல்லை, பிறப்புப் பத்திரத்துக்குச் சாட்சியும் தேவைப்படவில்லை.