ஜவுளிக்கடையின் பழைய சர்வர் நன்றாகவே ஓடுகிறது, மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி: சேலத்தில் எங்களுக்கு ஜவுளிக்கடை இருக்கிறது. பில் போடும் கம்ப்யூட்டர்கள் எல்லாம் விண்டோஸ் சர்வர் 2003 உள்ள ஒரு பழைய சர்வரோடு இணைந்திருக்கின்றன. எந்தத் தீபாவளிக்கும் அது காலை வாரியதில்லை. "காலாவதியாகிவிட்டது, மாற்றுங்கள்" என்று விற்பனையாளர் வற்புறுத்துகிறார். நன்றாக ஓடுவதை ஏன் மாற்ற வேண்டும்?

பதில்:

மாற்றுங்கள். ஆனால் காலாவதித் தேதிக்குப் பயந்து மாற்றாதீர்கள். சர்வர் 2003க்கான ஆதரவை, அதாவது பாதுகாப்புத் திருத்தங்கள் தருவதை, மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது 2015 ஜூலை 14 அன்று. மறுநாள் காலையிலும் உங்கள் கல்லாவில் பில் வந்தது. செவ்வாய்ப்பேட்டையிலும் கடைவீதியிலும் கடைகளுக்கு சர்வர் பராமரிப்பது என் தொழில். உங்களைப் போலவே பழைய சர்வர்மீது நம்பிக்கை வைத்திருக்கும் முதலாளிகளைத் தினமும் பார்க்கிறேன். அந்த நம்பிக்கைக்கு நியாயம் உண்டு. எதை நம்புகிறோம் என்பதில்தான் தெளிவு வேண்டும்.

உங்கள் சர்வருக்கு இருந்தது ஒரே வேலை. அதில் யாரும் மெயில் பார்க்கவில்லை, படம் பார்க்கவில்லை, கண்ட பென் டிரைவைச் செருகவில்லை. அது இத்தனை காலம் நிற்காமல் ஓடியதற்கு அந்தக் கட்டுப்பாடே பெரிய காரணம். இதற்கு நான் அடிக்கடி சொல்லும் சாட்சி, அந்தக் காலத்தில் சர்வர்களை இயக்கிய நாவல் நெட்வேர் என்ற மென்பொருள். நெட்வேர் 3.12 ஓடிய ஒரு சர்வர் 16 ஆண்டுகளுக்கும் மேல் ஒருமுறைகூட ரீஸ்டார்ட் ஆகாமல் ஓடி, 2013இல் நிறுத்தப்பட்டது. ஹார்ட் டிஸ்க்கின் பேரிங் போட்ட சத்தம்தான் அதற்குக் காரணம். சிஸ்டம் அப்போதும் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

பழையது எல்லாமே உறுதி என்றும் எண்ண வேண்டாம். விண்டோஸ் 95, 98 இரண்டிலும் ஒரு பிழை இருந்தது. ஓடும் நேரத்தை மில்லி செகண்டில் எண்ணும் 32 பிட் எண் நிரம்பியதும், அதாவது 49.7 நாட்களில், கம்ப்யூட்டர் உறைந்துவிடும். கடைகள் இரவில் அணைத்துவிடுவதால் பலருக்கு அது தெரியாமலே போயிற்று.

நெட்வேர் சர்வருக்கு நேர்ந்ததுதான் உங்கள் பெட்டிக்கும் நேரப்போகிறது. மென்பொருள் தேயாது, இரும்பு தேயும். மதர்போர்டில் இருக்கும் சிறு பேட்டரி தீர்ந்தால், மின்சாரம் போய் வந்ததும் தேதி பல ஆண்டுகள் பின்னால் போய் நிற்கும். அந்தத் தேதியிலேயே ஜிஎஸ்டி பில்லும் அச்சாகும். பல டிஸ்க்குகளைச் சேர்த்து இயக்கும் ரெய்டு கார்டின் பேட்டரி செத்தால், கார்டு பாதுகாப்புக்காக ஒவ்வொன்றையும் நேராக டிஸ்க்கில் எழுதத் தொடங்கும், பில் நகராது. அந்தப் பாதுகாப்பு அமைப்பும் சரியாக இல்லாவிட்டால், மின்சாரம் போகும் நொடியில் பேட்டரியை நம்பியிருந்த பில்கள் காணாமல் போகும். அந்தக் காலத்து மதர்போர்டுகள் பலவற்றில் மட்டமான கெபாசிட்டர்கள் (மின்சாரத்தைத் தேக்கும் சிறு உருளைகள்) வேறு வந்தன. மூடியைத் திறந்து பாருங்கள், அவற்றின் தலை உப்பியிருந்தால் மேற்கொண்டு யோசிக்க ஒன்றுமில்லை. இவற்றுக்கு இன்று மாற்றுப் பாகம் தேடினால் பழைய சாமான் கடையில்தான் கிடைக்கும். ஆடிப்பெருக்குக்கு முந்தைய நாள் யார் போய்த் தேடுவது?

மின்சாரத்தைப் பற்றிச் சேலத்துக்காரருக்குச் சொல்லவேண்டியதில்லை. 2012இல் சென்னைக்கு வெளியே மணிக்கணக்கில் மின்வெட்டு இருந்தது. ஃபாக்ஸ்புரோ என்ற பழைய டேட்டாபேஸ் மென்பொருளில் பில் போட்ட கடைகளில், பதிவுகளைத் தேட உதவும் இண்டெக்ஸ் ஃபைல் கெட்டு, கணக்குப்பிள்ளைகள் இரவெல்லாம் உட்கார்ந்து சரிசெய்ததை நேரில் பார்த்திருக்கிறேன். முதலில் லாக் என்ற குறிப்பேட்டில் எழுதிவிட்டுப் பிறகு டேட்டாவில் எழுதும் எஸ்க்யூஎல் வகை டேட்டாபேஸ் வைத்திருந்தவர்கள், மின்சாரம் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள். ஏற்காட்டில் கடை வைத்திருப்பவர்களுக்கு இடியும் சேர்ந்துகொள்ளும். அங்கே கரண்ட் வயரைப் பாதுகாத்துவிட்டு டெலிபோன் வயரை மறந்துவிடுவார்கள். அந்த வழியாக மின்னல் மோடத்தில் இறங்கி, நெட்வொர்க் கேபிள் பிடித்து சர்வர்வரை போய்விடும்.

இனி நான் மாற்றச் சொல்வதற்கான முக்கியக் காரணத்துக்கு வருகிறேன். 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்தது. ரிட்டர்ன் தாக்கல் செய்யக் கணக்கை இணையத்துக்குக் கொண்டுபோகும் தேவை கூடியது. யாரோ ஒரு நாள் வசதிக்காக சர்வரிலேயே இணையத்தைக் கொடுத்துவிட்டிருப்பார்கள். அந்தக் கேபிள் செருகப்பட்ட நாளோடு உங்கள் பழைய சர்வரின் பாதுகாப்பு முடிந்துவிட்டது. அதே 2017 மே மாதத்தில் ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வானாக்ரை வைரஸ் பரவியபோது, ஆதரவு முடிந்துபோன விண்டோஸ் எக்ஸ்பிக்கும் சர்வர் 2003க்கும்கூட மைக்ரோசாஃப்ட் விதிவிலக்காகத் திருத்தம் வெளியிட்டது. நிலைமை அவ்வளவு மோசம். உங்கள் சர்வரில் அந்தத் திருத்தம் போடப்பட்டதா என்று இன்றே பார்க்கச் சொல்லுங்கள். இன்னொன்றும் உண்டு. இன்றைய இணையதளங்கள் கேட்கும் டிஎல்எஸ் 1.2 என்ற பாதுகாப்பான இணைப்பு முறை, விண்டோஸ் சர்வர் 2003க்குள் இருக்கும் வசதிகளில் கிடையாது. அதை வைத்து இணைய வேலை செய்ய முயல்வதே வீண்.

ஆகவே முதல் வேலை, சர்வரிலிருந்து இணையத்தைத் துண்டிப்பது. தாக்கல் வேலைக்குத் தனிக் கம்ப்யூட்டர் இருக்கட்டும். இரண்டாவது, இப்போதுள்ள டிஸ்க்கை முழுதாக ஒரு இமேஜ் (அச்சு அசலான நகல்) எடுத்து, புதிய பெட்டியில் விர்ச்சுவல் மெஷினாக, அதாவது கம்ப்யூட்டருக்குள் ஒரு கம்ப்யூட்டராக, ஓட்டிப் பாருங்கள். டேட்டாவை மட்டும் நகல் எடுத்தால் போதாது, அந்த நகலிலிருந்து ஒரு பில் அச்சாகி வர வேண்டும். பில் மென்பொருள் டாஸ் காலத்து 16 பிட் வகை என்றால் 64 பிட் விண்டோஸில் நேராக ஓடாது. அப்போது இந்த வழி இன்னும் அவசியம். அதற்குப் பிறகு நிதானமாகப் புது மென்பொருளைத் தேடலாம்.

தேடும்போது ஒன்றை விட்டுக்கொடுக்காதீர்கள். இணையம் அறுந்தாலும் பில் நிற்கக் கூடாது. கடைக்குள்ளேயே டேட்டா இருக்க வேண்டும், வெளியே போவது நகலாக இருக்க வேண்டும். பழைய சர்வர் உங்களுக்குப் பழக்கிய உரிமை இது. விற்பனையாளரை உங்கள் கடைக்கு வரவழைத்து, கேபிளைப் பிடுங்கிவிட்டுப் பில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். தயங்கினால் அனுப்பிவிடுங்கள்.

பங்குனியில் கூட்டம் குறைந்த நாட்களில் பழைய சர்வரையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டி, மாலையில் இரண்டின் மொத்தத்தையும் ஒப்பிடுங்கள். ஏப்ரல் 1 அன்று புதுப் பில் வரிசையைப் புதிய சர்வரில் தொடங்குங்கள். பழைய பெட்டியை அடுத்த தணிக்கை முடியும்வரை விற்க வேண்டாம்.