ஹட்சன் விரிகுடாக் கரையில் ஒரு வாரம்: முதலில் மாதத்தை முடிவு செய்யுங்கள்

கேள்வி: கனடாவில் மனிடோபா மாகாணத்தின் சர்ச்சில் என்ற சிற்றூருக்கு வடக்கே கடலோரக் காட்டு லாட்ஜ் ஒன்றில் ஒரு வாரம் தங்கினால் பனிக்கரடி, பெலூகா திமிங்கிலம், வடதுருவ ஒளி மூன்றையும் பார்த்துவிட முடியுமா? 65 வயது அம்மாவையும் அழைத்துப் போகலாமா?

நீங்கள் டொராண்டோ பக்கம் இருக்கிறீர்கள், அம்மா ஊரிலிருந்து வந்திருக்கிறார் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். மூன்றும் ஒரே வாரத்தில் வேண்டுமென்றால் ஆகஸ்ட் பிற்பாதி ஒன்றுதான் வழி. அதுவும் உறுதி கிடையாது. பயணக் குழுக்களில் "எப்போ போனாலும் எல்லாம் கிடைக்கும்" என்று அடித்துவிடுகிறார்கள். அதை நம்பிப் பணம் கட்டிவிட்டு ஏமாந்து திரும்புகிறவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

ஜூலையில் கடல் பனி உருகிக் கரடிகள் கரையேறும். பெலூகாக்கள் சர்ச்சில் ஆறு, சீல் ஆறு முகத்துவாரங்களில் ஆயிரக்கணக்கில் கூடும். ஆனால் இரவு முழுக்க வானம் வெளுத்தே கிடப்பதால் வடதுருவ ஒளி தெரியாது. ஆகஸ்ட் பாதிக்கு மேல்தான் இரவு இருட்டத் தொடங்கும். அதற்குள் பெலூகாக்கள் கிளம்ப ஆரம்பித்துவிடும். அக்டோபர், நவம்பரில் திமிங்கிலமே இல்லை, கரடிதான். ஆற்று நன்னீர் கலக்கும் இடமும் மேற்குக் கரையும் முதலில் உறைவதால், சீல் என்னும் கடல்நாயை வேட்டையாடப் பனிமேல் இறங்கக் கரடிகள் அங்கே வந்து காத்திருக்கும். கரடிதான் முக்கியம் என்றால் இந்த மாதங்கள். திமிங்கிலம் என்றால் ஜூலை கடைசி, ஆகஸ்ட் தொடக்கம். இதை முடிவு செய்த பிறகு விலையைப் பாருங்கள். லாட்ஜில் ஒரு வாரம் என்றால் ஆளுக்குப் பத்தாயிரம் கனடா டாலருக்கு மேல் எடுத்து வைக்க வேண்டியிருக்கும்.

சர்ச்சிலுக்குச் சாலை கிடையாது. வின்னிபெக்கிலிருந்து விமானம், இல்லையென்றால் ஏறக்குறைய 1,700 கிலோமீட்டர் ரயில், இரண்டு இரவு. ஆண்டு முழுக்க உறைந்தே கிடக்கும் மண்மேல் போட்ட தண்டவாளம் என்பதால் மெல்லத்தான் போகும், தாமதமும் வழக்கம். சர்ச்சிலிலிருந்து லாட்ஜுக்குச் சின்ன விமானம். மூடுபனி இறங்கினாலோ காற்று அடித்தாலோ அது பறக்காது. சிக்கல் பெரும்பாலும் இங்கேதான். லாட்ஜிலிருந்து திரும்பும் அன்றே வின்னிபெக்கில் அடுத்த விமானத்துக்கு டிக்கெட் போடாதீர்கள். போகும்போது ஒரு இரவு, வரும்போது ஒரு இரவு கையிருப்பாக வையுங்கள். மூட்டையை எடை போட்டுத்தான் ஏற்றுவார்கள், சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டி வேண்டாம், துணிப் பை போதும். மாத்திரைகள் மட்டும் ஒரு வாரம் கூடுதலாக, கைப்பையில்.

லாட்ஜில் உங்கள் அன்றாடத்தைக் கடிகாரம் தீர்மானிக்காது, கடலின் ஏற்ற வற்றம் தீர்மானிக்கும். வற்றத்தில் தண்ணீர் வெகுதூரம் பின்வாங்கிவிடும். சேறும் பாறையும்தான் மிஞ்சும், படகை இறக்கவே முடியாது. ஏற்றம் நாளுக்கு ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போவதால் திமிங்கிலப் படகு ஒருநாள் காலையில் என்றால் வார இறுதியில் மதியத்துக்குப் போய்விடும். சாப்பாட்டு நேரம் மாறினால் கோபித்துக்கொள்ளாதீர்கள். வற்றத்தில் கரையோர நடை, அப்போதுதான் கரடி தேடுவார்கள். படுத்திருக்கும் கரடி தூரத்துக்கு வெளிறிய பாறை மாதிரியேதான் இருக்கும். அதனால் ஒவ்வொரு வெள்ளைப் பாறையையும் தொலைநோக்கியில் பார்த்துவிட்டே வழிகாட்டி அடியெடுத்து வைப்பார்.

நடையில் எல்லோரும் ஒற்றை வரிசை, இடைவெளி விடாமல். நில் என்றால் நிற்க வேண்டும், ஓடவே கூடாது. கரடி நெருங்கினால் வழிகாட்டி முதலில் அதனிடம் பேசுவார், கற்களைத் தட்டுவார், பிறகு வெடிச்சத்தம். துப்பாக்கி கடைசிக்கும் கடைசி. பையில் தின்பண்டம் வைக்காதீர்கள். லாட்ஜைச் சுற்றிய வேலிக்கு வெளியே தனியாக ஒரு அடிகூட வேண்டாம், நள்ளிரவில் ஒளி தெரிந்தாலும்.

துணி: உள்ளே கம்பளிநூல் பனியன், நடுவே ஃப்லீஸ் (மெத்தென்ற செயற்கை நூல் சட்டை), மேலே காற்றும் மழையும் புகாத சட்டை. பருத்தி வேண்டாம், வேர்வையில் நனைந்தால் காயாமல் உடம்பைக் குளிர வைத்துவிடும். ஜூலையில் 25 பாகை செல்சியஸ்கூட வரும். காற்று கடல் பக்கமிருந்து வீசத் தொடங்கினால் சட்டென்று ஒற்றை இலக்கத்துக்கு இறங்கும். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் கட்டாயம், லாட்ஜில் இரவல் உண்டா என்று முன்பே கேளுங்கள். கொசுவுக்கு முகம் மூடும் வலைச்சட்டை. டீட் என்ற கொசுவிரட்டி மருந்து கலந்த களிம்பு தடவிய கையால் கேமராவைத் தொடாதீர்கள், பிளாஸ்டிக்கையும் ரப்பரையும் அரித்துவிடும். நவம்பரில் பேட்டரியை மேல்சட்டைக்கு உள்ளே வையுங்கள். குளிரிலிருந்து அறைக்குள் வருமுன்பே கேமராவைப் பிளாஸ்டிக் பையில் போட்டு மூடுங்கள், இல்லாவிட்டால் லென்ஸ் முழுக்க நீர் கோத்துக்கொள்ளும்.

"விமானம் ஏறிப் போய்க் கரடி பார்ப்பதே அதற்குக் கேடு" என்று கீழே எழுத வருபவர்களுக்கு: விமானப் புகை உண்மைதான், மறுக்கவில்லை. மேற்கு ஹட்சன் விரிகுடாப் பனிக்கரடிகள் 1980களில் ஏறக்குறைய 1,200. 2021 கணக்கெடுப்பில் 618. பனியில்லாத நாட்கள் கூடிப் பட்டினி நீளுவதுதான் இதற்கு முக்கியக் காரணமாகச் சொல்லப்படுகிறது. தூரத்தில் நின்று பார்த்துவிட்டு வருகிறவர்களை மட்டும் குற்றவாளி ஆக்காதீர்கள்.

இன்னொன்று, கேட்காவிட்டாலும் சொல்கிறேன். சர்ச்சிலை வெறும் விமான நிலையமாக நினைத்துக் கடந்து போகாதீர்கள். அங்கே 900க்கும் குறைவான பேர் வாழ்கிறார்கள். 2017 மே வெள்ளத்தில் தண்டவாளம் அரித்துப் போனபோது அதைச் சரிசெய்ய ஒன்றரை ஆண்டு இழுத்தடித்தார்கள். பாலும் காய்கறியும் விமானத்தில் வந்து விலை ஏறியது. பெரிய நகரம் ஒன்றுக்கு இப்படி நடந்திருந்தால் ஒரு மாதம் பொறுத்திருப்பார்களா? முடிந்தால் ஒருவழியாவது ரயிலில் போங்கள்.

அம்மா விஷயம். டன்ட்ரா (மரமில்லாத வடதுருவ வெளி) தரை பஞ்சு போல அமுங்கும், ஈரக் கல் வழுக்கும், படகுக்குக் கால் தூக்கி ஏற வேண்டும். மூட்டுவலி இருந்தால் லாட்ஜ் வேண்டாம். சர்ச்சிலிலேயே தங்கி, அக்டோபர் கடைசியில் பெரிய சக்கர டன்ட்ரா வண்டியில் போனால் உட்கார்ந்தபடியே கரடி பார்ப்பார், செலவும் குறையும். அவருடைய வருகையாளர் காப்பீட்டில் விமான ஆம்புலன்ஸ் சேர்ந்திருக்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள், கடும் நோயாளிகளை வின்னிபெக்குக்குத்தான் விமானத்தில் கொண்டுபோவார்கள். சைவம் என்றால் பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள். லாட்ஜ் சமையலறைக்கும் எல்லாம் முன்கூட்டியே ஏற்றி வந்ததுதான், போய் இறங்கிய பிறகு கேட்டால் பருப்பு எங்கிருந்து வரும்?