மூன்றில் எது? முதலில் ஆசிரியரைப் பாருங்கள்

கேள்வி: சிங்கப்பூரில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு ஊருக்கே திரும்பி, உரக்கடை வைத்திருக்கிறேன். வயது 47. அங்கே அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே பெரியவர்கள் காலையில் தாய்ச்சி செய்வதைப் பார்த்ததிலிருந்து கற்றுக்கொள்ள ஆசை. இப்போது விசாரித்தால் தாய்ச்சி, ஷிங்யி, பாகுவா என்று மூன்று சீனத் தற்காப்புக் கலைகளைச் சொல்கிறார்கள். தஞ்சாவூரில் ஒருவர் ஞாயிறு வகுப்பில் மூன்றையும் ஒரே வருடத்தில் கற்றுத் தருவதாகச் சொல்கிறார். சிறுவயதில் சிலம்பம் ஆடியிருக்கிறேன். படி இறங்கும்போது வலது முட்டி லேசாக வலிக்கும். எதைத் தேர்ந்தெடுப்பது? வீட்டில் தனியாகப் பழக முடியுமா?
– ஒரு வாசகர், மன்னார்குடி

பதில்: தம்பி, உங்களுக்குத் தாய்ச்சிதான். ஆனால் அந்த ‘ஒரே வருடத்தில் மூன்றும்’ சங்கதியை முதலில் பேசிவிடுவோம். மூன்றிலும் கரைகண்டவர் என்று சீனர்கள் கொண்டாடும் சுன் லூதாங் முதலில் ஷிங்யியில் ஊறினார். அப்புறம் பாகுவா. தாய்ச்சிக்கு வந்தபோது வயது ஐம்பதை ஒட்டியிருந்தது. மூன்றும் கலந்த தன் பாணியை அதற்குப் பிறகுதான் உருவாக்கினார். அவருக்கே பாதி ஆயுள் பிடித்ததை ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு வருடத்தில் தருகிறேன் என்றால், உங்களுக்குக் கிடைக்கப்போவது கையசைவுகள் மட்டும்தான். முன்பணம் கட்டிவிடாதீர்கள்.

உடம்பை இறுக்காமல், தரையில் ஊன்றிய காலிலிருந்து இடுப்பு வழியாகக் கைக்கு விசையைக் கொண்டுவருவது மூன்றுக்கும் பொது. ஷிங்யி நேர்கோட்டில் முன்னேறும். உலோகம், நீர், மரம், நெருப்பு, மண் என்ற ஐந்தோடு இணைத்துச் சொல்லப்படும் ஐந்து குத்துகள்தான் அதன் அடிப்படை. பாகுவாவில் வட்டமாக நடப்பதே பெரிய பயிற்சி. தோப்பில் ஒரு தென்னையைச் சுற்றியே பழகலாம். சிலம்பம் ஆடிய காலுக்கு அது பிடித்துப்போகும். ஆனால் முட்டியை மடக்கியபடியே, பாதத்தை உள்ளே திருப்பித் திருப்பி வைத்து நடக்க வேண்டும். வலிக்கிற முட்டிக்கு இப்போது அது வேண்டாம்.

தாய்ச்சியிலும் பாணிகள் உண்டு. ஹெனான் மாகாணத்தின் சென் கிராமத்துப் பாணியில் தாழ்ந்து நிற்பார்கள். மெதுவாகப் போகிற அசைவு திடீரென்று வெடிக்கும். அங்கே கற்ற யாங் லூசான் பெய்ஜிங்கில் கற்றுக்கொடுத்ததுதான் யாங் பாணியாக வளர்ந்தது. சீரான வேகம், விரிந்த அசைவு. 1956இல் சீன அரசின் விளையாட்டுத் துறை இதைச் சுருக்கி 24 அசைவுகளாக்கியது. முழுதாகச் செய்ய ஆறு நிமிடம் போதும். முன்பு சொன்ன சுன் லூதாங்கின் சுன் பாணியில் நிமிர்ந்தே நிற்கலாம், முட்டிக்கு இதம். யாங், சுன் இரண்டில் எதற்கு நல்ல ஆசிரியர் பக்கத்தில் கிடைக்கிறாரோ, அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். பாணியைவிட ஆசிரியர்தான் முக்கியம் என்பது என் உறுதியான கருத்து.

நல்லவர் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு வகுப்பு முழுக்க ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். பழைய மாணவர்களின் முட்டி, கால் விரல் காட்டும் திசையிலேயே மடங்குகிறதா? உள்ளே சரிந்தால் கவனித்துத் திருத்துகிறாரா? அப்புறம், யாங் பாணியில் ‘சிட்டுக்குருவியின் வாலைப் பிடித்தல்’ என்று ஓர் அசைவு வரும். அது எதற்கு என்று உங்கள் கையைப் பிடித்தே காட்டச் சொல்லுங்கள். வருகிற விசையைத் தாங்குவது, வாங்கி விலக்குவது, நெருக்குவது, தள்ளுவது என்ற நான்கும் அதில் இருக்கின்றன. தெரிந்தவர் தயங்காமல் காட்டுவார். இருவர் கையோடு கை வைத்துத் தள்ளிப் பழகும் பயிற்சியும் அங்கே நடக்க வேண்டும். தொடாமலே ஆளைத் தூக்கி வீசுவேன் என்று சொல்பவரிடம் போகவே போகாதீர்கள்.

தனியாகப் பழகலாம், ஆனால் வீடியோவை மட்டும் பார்த்து ஆரம்பிக்க வேண்டாம். முட்டி சரிவது வீடியோவுக்குத் தெரியாது. மாதம் இரண்டு முறையாவது ஆசிரியர் கண்ணில் பட்டுவிட்டு, மற்ற நாட்களில் வீட்டில் செய்யுங்கள். வகுப்பில் சேரும்வரை இரண்டு பயிற்சி போதும். முதலாவது நிற்பது: பாதங்கள் தோள் அகலத்தில், முட்டி லேசாக மடங்கி, கைகள் மார்புக்கு நேரே வட்டமாக. ஐந்து நிமிடத்தில் ஆரம்பியுங்கள். தோள் தானாக ஏறும், கவனித்து இறக்குங்கள். இரண்டாவது நடப்பது. மழை பெய்து வழுக்குகிற வரப்பில் எப்படி நடப்பீர்களோ, அப்படி: முன்காலை எடையில்லாமல் வைத்து, தரை பிடிபட்ட பிறகே உடம்பை அதன்மேல் மாற்றுவது. குதிகால் படுகிறது, பாதம் படுகிறது, அப்புறம்தான் எடை. எடை ஒரு காலில் இருக்கும்போது அந்தப் பாதத்தைத் திருகாதீர்கள். முட்டி கெடுவது பெரும்பாலும் அங்கேதான்.

காலையில் கடை திறப்பதற்கு முன் இருபது நிமிடம் ஒதுக்கினால் போதும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் விட்டுப்போகாமல் இருக்கக் கூடத்திலேயே இடம் பார்த்துவையுங்கள். நான்கு எட்டு வைக்க இடம் இருந்தால் சரி. முட்டி வீங்கினாலோ வலி கூடினாலோ நிறுத்திவிட்டு எலும்பு டாக்டரைப் பாருங்கள்.

சிலம்பத்தை விட்டுவிட வேண்டுமா என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன்: விடவே வேண்டாம். தினமும் முதலில் தாய்ச்சி, கடைசியில் கம்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.