பழைய புரொப்பல்லர் விமானங்களின் டைகாஸ்ட் மாடல் (உலோகத்தை உருக்கி அச்சில் வார்த்தது) வாங்க ஆசை. எதைப் பார்த்து வாங்குவது?

முதலில் உலோகத்தைப் பாருங்கள், விமானம் அப்புறம். எனக்கு இந்தப் புத்தி வந்தது சேலம் செவ்வாய்ப்பேட்டையில், ஒரு வெள்ளிக் கொலுசுப் பட்டறையில்.

என் முதல் மாடல் டிசி-3. டகோட்டா என்றால் பெரியவர்களுக்குத் தெரியும். அசல் விமானத்தின் இறக்கை நுனிக்கு நுனி 29 மீட்டர். என்னுடையது 1:200 அளவு என்பதால் பதினாலரை சென்டிமீட்டர். ஒருவரிடம் பழையதாக வாங்கியது. மூன்றாம் நாளே ஒரு சக்கரக் கால் ஒடிந்தது. சேலத்துக்காரனுக்கு உலோகம் ஒடிந்தால் வேறு எங்கே போகத் தோன்றும்?

“இது என்னா வெள்ளியா, ஈயமா கண்ணு?” என்று பட்டறைக்காரர் கேட்டார். “மெட்டல்தாங்க” என்றேன், எல்லாம் தெரிந்தவன் போல. வெள்ளியைப் பற்றவைக்கும் பொடி வைத்து நெருப்பை ஊதினார். பொடி அப்படியே இருந்தது. இறக்கையின் ஓரம் மெழுகு மாதிரி இளகித் தொங்கியது. பாவம், என்னைவிட அவர்தான் பதறிப்போனார்.

டைகாஸ்ட் என்பது பெரும்பாலும் துத்தநாகம், கூடவே சுமார் 4 சதவீதம் அலுமினியம். 390 டிகிரிக்குள் உருகிவிடும். வெள்ளிக்கு வைக்கும் பொடி உருக 600க்கு மேல் வேண்டும். அதனால் நெருப்புப் பக்கமே போகாதீர்கள். இரண்டு டியூபைக் கலந்து பூசுகிற எபாக்சி பசை போதும்.

துத்தநாகத்தில் ஈயம் கலந்திருந்தால் இன்னொரு வினை. உள்ளிருந்தே உப்பி, வெடித்து, கடைசியில் பிஸ்கட் போல உதிரும். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய பொம்மை விமானங்களில் இது சகஜம். ஈரம் பட்டால் இன்னும் வேகம் எடுக்கும், வைத்தியமும் கிடையாது. எனவே பழையது வாங்கும்போது பெயிண்ட் பளபளப்பில் மயங்காமல், இறக்கை உடலோடு சேரும் இடத்தில் மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். கண் மட்டத்தில் பிடித்து, இறக்கை வளைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஏற்காட்டில் பெரியம்மா வீட்டு அலமாரி என் வீட்டு அலமாரியைவிட அழகு. ஆனால் மழைக்காலத்தில் செருப்பே பூசணம் பூக்கிற இடம். அங்கே ஒன்றும் வைப்பதில்லை.

அளவு? 1:400 எனக்குப் பிடிக்காது, புரொப்பல்லர் கொசு இறக்கை மாதிரி இருக்கும். 1:72ல் டகோட்டாவே 40 சென்டிமீட்டர், வீட்டில் சண்டை வரும். 1:200தான் சரி.

ஒன்றே ஒன்றுதான் வாங்குவீர்கள் என்றால் லாக்ஹீட் கான்ஸ்டலேஷன், அதுவும் ஏர் இந்தியாவின் ‘மலபார் பிரின்சஸ்’ பெயரோடு. 1948 ஜூன் 8 அன்று பம்பாயிலிருந்து கெய்ரோ, ஜெனீவா வழியாக லண்டன் போனது அதுதான். நம் நாட்டு நிறுவனத்தின் முதல் லண்டன் பயணம். மீன் முதுகு மாதிரி வளைந்த உடல், பின்னால் மூன்று செங்குத்து வால். அந்த வால் மூன்றும் ஒரே நேர்வரிசையில் நிற்கிறதா என்று பின்பக்கமிருந்து பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.