மொட்டை மாடி கான்கிரீட்டுக்குச் சீலர் எதற்கு?

கான்கிரீட் பரப்புக்குள் தண்ணீர் இறங்காமல் தடுக்கும் பூச்சுதான் சீலர். இவ்வளவு இறுகிய தளத்துக்கு அது எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு.

கலவையில் ஊற்றும் தண்ணீர் முழுவதும் சிமெண்டுடன் சேர்ந்துவிடுவதில்லை. மிஞ்சியது உலர்ந்து வெளியேறும்போது கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் எஞ்சுகின்றன. விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல அவை மழைநீரை உள்ளே இழுக்கின்றன. ஈரமும் காற்றும் கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பியை எட்டினால் நாளடைவில் துருப்பிடிக்கும். துருவுக்கு இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடம் வேண்டும். அந்த நெருக்குதலில்தான் கூரையின் அடிப்பக்கம் காரை பெயர்ந்து, செம்பழுப்புக் கம்பி பல்லிளிக்கிறது. கடலோர ஊர்களில் உப்புக்காற்று இதை இன்னும் விரைவுபடுத்தும்.

காய்ந்த தளத்தில் சில சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். உடனே உறிஞ்சிக் கறுத்தால் பூச்சு தேவை. உருண்டு நின்றால் இப்போதைக்கு வேண்டாம். புதுத் தளமென்றால் 28 நாளாவது கழியட்டும். தண்ணீர் வடிகுழாயை நோக்கி ஓடச் சரியான வாட்டம் இல்லாவிட்டால், எவ்வளவு விலைப் பூச்சும் தண்டச்செலவுதான்.

விரிசலையும் சீலரே அடைத்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அது நுண்துளைகளுக்கானது, விரிசலை முதலில் கீறி அகலப்படுத்தி, அதற்குரிய கலவையால் தனியாக அடைத்தாக வேண்டும்.