திருத்தொண்டர் பந்தியில் பரிமாறலாமா?

வாசகர் கேள்வி – பதில்

இம்முறை எமக்கு வந்த கடிதங்களுள் மூன்று, ஏழைகளுக்கு உதவும் கத்தோலிக்க அமைப்பான புனித வின்சென்ட் தி போல் சபை மட்டக்களப்பில் அண்மையில் நடத்திய வருடாந்த ஒன்றுகூடலைப் பற்றியவை. அங்கு பணியாற்றிய திருத்தொண்டரிடமே (குருத்துவத்துக்கு முந்திய நிலையில் திருப்பொழிவு பெற்றவர்) அவற்றைக் கையளித்துப் பதில் பெற்றோம். – ஆசிரியர்

கேள்வி: மதிப்புக்குரிய திருத்தொண்டர் அவர்களுக்கு, காலைத் திருப்பலியில் பீடத்தருகே நின்று நற்செய்தி வாசித்து மறையுரை ஆற்றிய தாங்கள், மத்தியானம் சேட்டுக் கையை மடித்துக்கொண்டு எங்கள் இலைகளுக்குச் சோறு பரிமாறினீர்கள். நாளை குருவாகப் போகிறவர் இப்படிச் செய்வது மூத்த அங்கத்தவர்களாகிய எங்களுக்குச் சங்கடமாகவே இருந்தது. தங்களை யாரும் கேட்டுக்கொண்டார்களா, அல்லது அது திருத்தொண்டருக்கு உரிய வேலைதானா? (ஒரு மூத்த அங்கத்தவர், தாண்டவன்வெளி)

பதில்: ஐயா, யாரும் கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால், "சுவாமி, நீங்க இரிங்க, நாங்க பாத்துக்கிறம்" என்று என் கையிலிருந்த சோற்றுச் சட்டியை இரண்டு பேர் பறிக்கப் பார்த்தார்கள். அவர்களுடைய அன்பை நான் குறைவாக மதிக்கவில்லை. ஆனால், காலையில் பீடத்தில் செய்ததற்கும் மத்தியானம் பந்தியில் செய்ததற்கும் இடையில் நீங்கள் காணும் இடைவெளியை என்னால் காண முடியவில்லை.

திருத்தூதர் பணிகள் 6ஆம் அதிகாரத்தை நினைத்துப் பாருங்கள். அன்றாடப் பங்கீட்டில் கிரேக்க மொழி பேசிய கைம்பெண்கள் கவனிக்கப்படவில்லை என்ற முறைப்பாட்டிலிருந்துதான் ஸ்தேவான் முதலிய ஏழு பேரின் தெரிவு தொடங்குகிறது. திருத்தொண்டர் பணியின் தொடக்கத்தைத் திருச்சபையின் மரபு அங்கேதான் காண்கிறது. அதாவது, சாப்பாட்டுப் பந்தியில் எழுந்த ஒரு மனக்குறைக்குத் தீர்வாகவே அந்த ஏழு பேர்மீதும் கைகள் வைக்கப்பட்டன. வழிபாடு, இறைவார்த்தை, அன்புப் பணி ஆகிய மூன்றும் திருத்தொண்டருக்கு உரியவை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருச்சபை பற்றிய தனது கொள்கை விளக்கத்தின் 29ஆம் எண்ணில் கூறுகின்றது. இவற்றில் மூன்றாவதை மட்டும் 'குருவாகும்வரை பழகிக்கொள்ளும் வேலை' என்று ஒதுக்கி வைப்பது நம்மிடையே வேரூன்றிவிட்ட எண்ணம். அதை நான் ஏற்பதில்லை.

அன்று பீடத்தில் நான் செய்தவற்றையும் எண்ணிப் பாருங்கள். நற்செய்தி வாசிக்குமுன் குருவின் முன்னால் தலைகுனிந்து ஆசீர் பெற்றேன். காணிக்கை நேரத்தில் இரசக்கிண்ணத்தில் இரசத்தை ஊற்றி, அதில் ஒரு துளி தண்ணீரைச் சேர்த்து, குருவின் கையில் கொடுத்தேன். நற்கருணை மன்றாட்டின் இறுதிப் புகழுரையில் அவர் அப்பத்தை உயர்த்தியபோது நான் கிண்ணத்தை உயர்த்திப் பிடித்தேன். முடிவில் மக்களை அனுப்பிவைக்கும் வார்த்தையைச் சொன்னேன். ஆயத்தம் செய்வது, ஏந்திக் கொடுப்பது, அனுப்பிவைப்பது எல்லாமே பரிமாறுகிறவனின் வேலைகள்தாம். (வெப்பமான கச்சான் காற்று வீசும் நாட்களில், தல்மாத்திக்கா என்ற திருத்தொண்டர் மேலங்கிக்குள் நின்று இவற்றைச் செய்வதைவிட, சோற்றுச் சட்டியோடு பந்தியில் நடப்பது சுகமானது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.)

உங்கள் சபையின் வழக்கங்களே இதை எனக்கு இன்னும் தெளிவாகக் காட்டின. திருப்பலிக்குப்பின் நடந்த கூட்டத்தில் தலைமை ஆசனத்தில் அமர்ந்தவர், குருவோ துறவியோ அல்லாத பொதுநிலையினரான உங்கள் தலைவர். பங்குத்தந்தையும் நானும் பக்கத்தில் இருந்தோம். 1833இல் பாரிஸ் நகரில், அப்போது 20 வயதே நிரம்பிய மாணவரான பிரெடெரிக் ஓசானாமும் அவருடைய தோழர்களும் தொடங்கிய இச்சபை, இன்றுவரை பொதுநிலையினரின் சபையாகவே இருக்கிறது. அதில் அருட்பணியாளர் ஆன்ம ஆலோசகராகப் பேசலாம், வாக்களிப்பதில்லை. எங்கு போனாலும் முன்வரிசைக் கதிரை காத்திருப்பதைக் கண்டு பழகிவிடக்கூடிய எங்களைப் போன்றவர்களுக்கு அது நல்லதொரு பயிற்சி.

பிறகு இரகசியக் காணிக்கைப் பை சுற்றி வந்தது. ஒவ்வொருவரும் மூடிய கையைப் பைக்குள் விட்டு, உள்ளேயே விரித்து, வெளியே எடுக்கின்றார்கள். ஐயாயிரம் ரூபாய் போட்டவர் யார், இருபது ரூபாய் போட்டவர் யார், ஒன்றும் போட இயலாமல் வெறுங்கையை விட்டு எடுத்தவர் யார் என்று பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியாது. இல்லாதவரின் மானத்தை இவ்வளவு நுட்பமாகக் காக்கும் ஏற்பாட்டை நான் வேறெங்கும் கண்டதில்லை.

அதனால்தான் ஒரு விடயத்தில் சற்றுக் கண்டிப்பாக இருந்தேன். விசுவாசிகள் மன்றாட்டை அறிவிப்பது திருத்தொண்டரின் பணி என்பதால், திருப்பலிக்குச் சற்று முன் ஏற்பாட்டாளர் ஒருவர் என்னிடம் ஒரு தாளைத் தந்தார். தையல் இயந்திரமும் துவிச்சக்கரவண்டியும் பெற்றுக்கொண்ட குடும்பங்களின் பெயர்கள், கிராமம் வாரியாக அதில் இருந்தன. அவர்களுக்காக மன்றாடினால் நல்லது என்றார். நோக்கம் நல்லதுதான். ஆனால் அந்தக் குடும்பங்களில் சில அதே ஆலயத்தின் பின்வரிசையில் இருந்தன. இருவர் இருவராக வீடுகளுக்குப் போய், கண்டதையும் கேட்டதையும் வெளியில் சொல்லாமல் காப்பது உங்கள் சபையின் ஒழுங்கல்லவா என்று கேட்டேன். பக்கத்தில் நின்ற உங்கள் தலைவர் ஒன்றும் பேசாமல் தாளை மடித்துத் தம் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். பெயரில்லாமலே மன்றாடினோம்.

பந்தியிலும் அதுவே நடந்தது. வலையிறவுப் பாலத்தைக் கடந்து, வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையிலிருந்து வந்திருந்த ஒரு முதியவர், "தம்பி, இன்னும் கொஞ்சம் ஆணம் (குழம்பு) ஊத்துங்க" என்றார். அவர் உதவி செய்யும் அங்கத்தவரா, உதவி பெறுகிறவரா என்பது எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் விரும்பவில்லை. என்னை அவர் 'சுவாமி' என்று அழைக்காததும் எனக்குப் பிடித்திருந்தது. ஆகவே, ஐயா, அடுத்த வருடமும் இவ்வாறான பணியில் நான் இருந்தால், சோற்றுச் சட்டியை என்னிடமே விட்டுவிடுங்கள்.

கேள்வி: கனடாவில் இருக்கும் என் தமையனார் 'கொலம்பஸ் மாவீரர்' (Knights of Columbus) என்ற கத்தோலிக்க சகோதரத்துவ அமைப்பில் அங்கத்தவர். அவர்களுடைய கூடுகைகளில் மனைவி, பிள்ளைகளோடு வரும் திருத்தொண்டர்கள் பணியாற்றுகிறார்களாம். அது எப்படி? (ஒரு வாசகி, கல்முனை)

பதில்: உங்கள் தமையனார் சொல்வது சரியே. அந்த அமைப்பை 1882இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்திலுள்ள நியூ ஹேவன் நகரில் அருட்தந்தை மைக்கேல் மெக்கிவ்னி தொடங்கினார். உழைத்துக் கொடுத்த ஆண் இறந்துவிட்டால் நிர்க்கதியாகும் குடும்பங்களுக்குக் காப்புறுதி மூலம் கைகொடுப்பது அதன் முதல் நோக்கங்களுள் ஒன்று. அவர் 2020இல், புனிதர் நிலைக்கு முந்திய படியான அருளாளர் நிலைக்கு உயர்த்தப்பட்டார்.

அங்கு நீங்கள் கேள்விப்படுவது நிரந்தரத் திருத்தொண்டர்களைப் பற்றி. குருத்துவத்துக்குப் போகாமல் வாழ்நாள் முழுவதும் திருத்தொண்டராகவே இருக்கும் இந்த நிலையைத் திருத்தந்தை ஆறாம் பவுல் 1967இல் இலத்தீன் திருச்சபையில் மீண்டும் நடைமுறைக்குக் கொண்டுவந்தார். திருமணமானவர் எனில், குறைந்தது 35 வயது நிரம்பியிருக்க வேண்டும். மனைவியின் சம்மதமும் வேண்டும். மனைவியின் சம்மதத்தைத் திருச்சபைச் சட்டமே கேட்பதை நம் ஆண்கள் சற்றுக் கவனிக்க வேண்டும்! திருத்தொண்டராகத் திருப்பொழிவு பெற்றபின் திருமணம் செய்ய முடியாது என்பதால், மனைவி இறந்தால் மறுமணமும் பொதுவாக இல்லை. ஒரு நாட்டில் இந்நிலை வேண்டுமா என்பதை அந்நாட்டு ஆயர் பேரவை திருத்தந்தையின் ஒப்புதலுடன் முடிவு செய்கிறது. நம் ஆலயங்களில் நீங்கள் வழமையாகக் காண்பது என்னைப் போல குருத்துவத்தை நோக்கிச் செல்பவர்களை. எங்களுக்கும் குருத்துவத் திருப்பொழிவுக்கும் இடையில் குறைந்தது ஆறு மாதங்கள் செல்ல வேண்டும் என்பது சட்டம். தனிப்பட்ட முறையில் கேட்டால், அந்த ஆறு மாதங்களைக் காத்திருப்பு அறையாகக் கழிப்பவனைவிட, குடும்பத்தோடு வாழ்ந்து ஆயுள் முழுவதும் தொண்டராகவே இருப்பவருக்கு இப்பணியின் பொருள் நன்றாகப் புரியும் என்றே நினைக்கிறேன்.

கேள்வி: அன்று என் தாயார் தங்களிடம் பாவசங்கீர்த்தனம் செய்யக் கேட்டபோது தாங்கள் மறுத்துவிட்டீர்கள். நடக்க இயலாதவர் அவர், மனம் வருந்தினார். (ஒரு மகன், ஆயித்தியமலை)

பதில்: அம்மாவிடம் என் சார்பில் சொல்லுங்கள்: மனமில்லாமல் மறுக்கவில்லை, அதிகாரம் இல்லாததால் மறுத்தேன். ஞானஸ்நானம் கொடுக்கலாம், திருமணத்தை முன்னின்று நடத்தலாம், அடக்கச் சடங்கை நிறைவேற்றலாம், நோயாளருக்கு நற்கருணை கொண்டு போகலாம். பாவமன்னிப்பு அளிக்கவோ நோயில்பூசுதல் கொடுக்கவோ திருத்தொண்டரால் இயலாது. அன்று அங்கியோடு ஆலய முற்றத்தில் நின்றவன் நான் ஒருவனே என்பதால் அவர் என்னிடம் வந்தது இயல்பே. அடுத்த ஒன்றுகூடலில் திருப்பலிக்கு ஒரு மணித்தியாலம் முன்னதாக ஒரு குருவை முற்றத்துக்குக் கிட்டிய இடத்தில், படி ஏறத் தேவையில்லாதபடி, அமர்த்துமாறு ஏற்பாட்டாளர்களிடம் கேட்டிருக்கிறேன். அதுவரை காத்திருக்க வேண்டாம். பங்குத்தந்தையிடம் அறிவித்தால் அவர் வீட்டுக்கே வருவார்.